கண்ணீரும் சினமும்: பிரித்தானிய சமூக வரலாற்றில் உணர்ச்சிகளின் பங்கீடு

உணர்ச்சிகள் இயற்கையின் பாற்பட்டவை, ஆதலால் வரலாற்றுக்கு அப்பாற்பட்டவை என்பது பரவலாக நிலவும் ஓர் எண்ணமாகும். பசியும் உறக்கமும் எல்லா மாந்தர்க்கும் பொதுவாயிருத்தல் போலத் துயரும் சினமும் அச்சமும் எக்காலத்தும் ஒரே தன்மையனவாக இருந்து வந்துள்ளன என்று கருதுவோர் பலர். இதனோடு சேர்ந்து வரும் மற்றோர் எண்ணமும் உண்டு. பெண் இயல்பிலேயே உணர்ச்சிவயப்படுபவள், ஆண் இயல்பிலேயே அறிவின் வழி நடப்பவன் என்பதே அது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குமிடத்து, இருபாலார்க்கும் உரிய ஒழுக்கங்கள் வேறுபட்டிருத்தல் இயற்கையின் நியதியே என்ற முடிபு எளிதிற் பெறப்படும்.

இம்முடிபு எத்துணை உறுதியானது என்பதைச் சோதித்தற்குப் பிரித்தானியாவின் கடந்த மூன்று நூற்றாண்டுச் சமூக வரலாறு ஏற்றதொரு களமாகும். அழாமை ஆங்கிலேய ஆடவனின் பிறவிக்குணம் என 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னர், அதே நாட்டில், அழத்தெரிந்த ஆடவனே பண்பட்டவன் எனப் போற்றப்பட்டான். ஒரு நாட்டு மக்களின் உடலமைப்பு நூறாண்டுகளுள் மாறிவிடுவதில்லை. அவ்வாறாயின் மாறியது யாது? அம்மாற்றத்தினால் யார் எதனை இழந்தனர்? இவ்வினாக்கள் வரலாற்று வினாக்கள் மட்டுமல்ல, அறவியல் வினாக்களுமாகும்.

உணர்ச்சி என்பது வெறும் உடற்கிளர்ச்சி அன்று. அதனுள்ளே ஒரு மதிப்பீடு பொதிந்துள்ளது. இவ்வுண்மையை அரிஸ்ரோட்டில் சினம்பற்றி ஆராயுமிடத்து முற்காலத்திலேயே சுட்டிக்காட்டினார். சினங்கொள்பவர், தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ தகாத அவமதிப்பு இழைக்கப்பட்டது எனக் கருதுகின்றார். அழுபவர், பெறுமதி வாய்ந்த ஒன்றை இழந்துவிட்டதாக ஒப்புக்கொள்கின்றார். அஞ்சுபவர், தம்மால் எளிதில் வெல்லவியலாத ஒரு தீங்கு தம்மை நெருங்குவதை அறிகின்றார். இம்மதிப்பீடுகள் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எனினும் அவை மதிப்பீடுகளே. எனவே ஒரு சமூகம் தன் உறுப்பினருள் ஒரு சாராரை நோக்கி இவ்வுணர்ச்சி உங்களுக்கு ஆகாது என விதிக்கும்போது, அது அவர்களின் நடத்தையை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. குறித்ததொரு தீர்ப்பை வழங்கும் உரிமையையும் அவர்களிடமிருந்து பறிக்கின்றது. பிரித்தானிய சமூகம் உணர்ச்சிகளைப் பால்வழியே பங்கிட்டமையின் உட்பொருள் இதுவே.

18 ஆம் நூற்றாண்டின் பிரித்தானியச் சிந்தனையில் உணர்ச்சி பெற்றிருந்த இடம் மிக உயர்ந்தது. 1739–40 இல் வெளிவந்த டேவிட் ஹியூமின் மனித இயல்பு பற்றிய ஆய்வு நூல், அறவேறுபாடுகள் பகுத்தறிவினின்றும் பிறப்பவையல்ல, உணர்விலிருந்தே பிறக்கின்றன என வாதிட்டது. 1759 இல் அடம் சிமித் தமது அறவுணர்வுகள் பற்றிய கோட்பாட்டை ஒத்துணர்வு என்னும் அத்திவாரத்தின்மீது எழுப்பினார். பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் ஆற்றலே நன்மை தீமைகளை அறிவதற்கு வழி என்பது அவர் கருத்து. இலக்கியத்திலும் இப்போக்கே மேலோங்கியிருந்தது. 1771 இல் ஹென்றி மக்கென்சி எழுதிய ‘உணர்வுள்ள மனிதன்’ என்னும் நாவலின் தலைவன் பிறர் துயர் கண்டு அடிக்கடி கண்ணீர் வடிப்பவன். அக்கண்ணீர் அவனது ஆண்மைக்குக் குறைவாகக் கருதப்படவில்லை. அவனது அறத்துக்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது. 1791 மே 6 ஆம் நாள், பிரான்சியப் புரட்சி தொடர்பான கருத்து வேறுபாட்டினால் எட்மண்ட் பேர்க் தமது நீண்டகால நட்பை முறித்துக்கொள்வதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தபோது, சாள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸ் பேச எழுந்து, கண்ணீர் பெருகச் சிறிது நேரம் பேச இயலாது நின்றார். நாட்டின் முதன்மை அரசியல்வாதிகளுள் ஒருவர் சபை நடுவே அழுதமை அவரது அரசியல் வாழ்வை முடித்துவிடவில்லை.

ஆயினும் பங்கீட்டின் வித்துக்கள் இக்காலத்திலேயே விதைக்கப்பட்டிருந்தன. சிமித் மனிதநேயத்தைப் பெண்ணுக்குரிய அறமாகவும் பெருந்தகைமையை ஆணுக்குரிய அறமாகவும் வேறுபடுத்தினார். மனிதநேயத்துக்கு நுண்ணிய ஒத்துணர்வு போதும். பெருந்தகைமைக்கோ தன்னலத்தை வெல்லும் தன்னடக்கம் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். பெண் உணர்வாள், ஆண் உணர்ந்து பின் தன்னை ஆள்வான் என்ற தரவரிசை இதனுள் மறைந்து நிற்கின்றது. ஹியூமோ வேறொரு வகையிற் சிந்தித்தார். பெண்களின் கற்பொழுக்கம் இயற்கையின் விதியன்று, பிள்ளையின் தந்தை யார் என்பதை உறுதிசெய்யும் தேவையினால் சமூகம் ஏற்படுத்திய வழக்காறே என அவர் வெளிப்படையாக எழுதினார். அவ்வழக்காற்றை அவர் எதிர்க்கவில்லை. எனினும் இயற்கை எனப்படுவது சமூகத்தின் ஆக்கமாகவும் இருக்கலாம் என்னும் ஐயத்துக்கு அவர் வழிதிறந்தார்.

அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் நிலைமை மாறியது. 1789 இற்குப் பின்னர் பிரான்சில் நிகழ்ந்தவற்றைக் கண்டு அஞ்சிய ஆங்கில ஆளும் வர்க்கத்தினர், கட்டற்ற உணர்ச்சியைப் புரட்சியோடு தொடர்புபடுத்தி நோக்கத் தலைப்பட்டனர். வில்லியம் வில்பர்போஸ், ஹன்னா மோர் முதலியோர் முன்னின்ற சமயச் சீர்திருத்த இயக்கம், தன்னடக்கத்தையும் குடும்ப ஒழுக்கத்தையும் நாட்டின் பாதுகாப்போடு இணைத்துப் போதித்தது. இதே காலத்தில், 1792 இல், மேரி வுல்ஸ்ரன்கிறாவ்ற் பெண்ணுரிமைகளை நிலைநாட்டும் தமது நூலை வெளியிட்டார். பெண்களை மென்னுணர்வின் பாவைகளாக வளர்ப்பது அவர்களைப் போற்றுவதாகத் தோன்றினும், உண்மையில் அவர்களின் பகுத்தறிவை முடமாக்குவதாகும் என்பது அவர் வாதம். அறத்துக்குப் பால்வேறுபாடு இல்லை என்ற அவரது நிலைப்பாடு, சிமித் காட்டிய பிரிவினையை அடியோடு மறுத்தது. ஆனால் அடுத்த நூற்றாண்டு அவர் சொன்ன வழியிற் செல்லவில்லை.

கைத்தொழிற் புரட்சியின் விளைவாக, நடுத்தர வகுப்பினரிடையே வேலைத்தலமும் வீடும் தனித்தனி இடங்களாயின. போட்டியும் இலாபமும் ஆட்சிசெய்த சந்தையிலே ஆண் இயங்கினான். அன்பும் இரக்கமும் பக்தியும் வாழும் இடமாக வீடு கற்பிக்கப்பட்டது. கொவென்றி பற்மோர் 1854 முதல் வெளியிட்ட கவிதைத் தொடர் இல்லத்து மனைவியை ஒரு தேவதையாக வருணித்தது. ஜோன் றஸ்கின் 1864 இல் மன்செஸ்ரரில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், ஆணைச் செயல்புரிபவனாகவும் காப்பவனாகவும், பெண்ணை இல்லத்தை ஒழுங்குசெய்யும் அரசியாகவும் சித்திரித்தார். இவ்வமைப்பின் பொருளியற் பயன் வெளிப்படை. சந்தையில் இரக்கத்துக்கு இடமளிக்க வேண்டியதில்லை. அதனை வீட்டிலே மனைவி பாதுகாத்து வைத்திருந்தாள். ஆண் தன் மனச்சான்றைக் காலையில் வீட்டில் விட்டுச்சென்று மாலையில் மீண்டும் பெற்றுக்கொள்ளக்கூடியதாயிருந்தது.

இத்தேவதைக் கோலம் எல்லாப் பெண்களுக்கும் உரியதன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1851 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீட்டு வேலையாட்களாக இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பெண்ணின் மென்மை மற்றொரு பெண்ணின் உழைப்பின்மீதே நின்றது. 1842 இல் நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தபோது, பெண்கள் அங்கு அனுபவித்த களைப்பையும் காயத்தையும் விட, அரைகுறை உடையுடன் அவர்கள் ஆண்களிடையே வேலை செய்தமையே பலரை அதிரச் செய்தது. அவ்வாண்டுச் சட்டம் பெண்களை நிலத்தடி வேலையினின்றும் விலக்கியது. இழந்த கூலிக்கு மாற்றுவழி எதனையும் காட்டவில்லை. அதற்கு முன்னர், 1834 ஆம் ஆண்டின் புதிய ஏழைகள் சட்டம், மணமாகாத தாயின் பிள்ளையைப் பேணும் பொறுப்பைத் தாயின்மீதே சுமத்தியிருந்தது. ஆணின் இச்சை இயற்கை. அதன் விளைவு பெண்ணின் ஒழுக்கக்கேடு என்பதே இதன் தருக்கமாகும்.

இன்னொரு பக்கத்தில், ஆண்களிடமிருந்து கண்ணீர் பறிக்கப்பட்டது. தோமஸ் ஆர்னல்ட் 1828 முதல் 1842 வரை தலைமை தாங்கிய றக்பி பாடசாலையை முன்மாதிரியாகக் கொண்டு வளர்ந்த விடுதிப் பாடசாலைகள், சிறுவயதிலேயே தாயைப் பிரிந்து வந்த பிள்ளைகளைப் பேரரசின் நிருவாகிகளாகவும் படையதிகாரிகளாகவும் உருவாக்கின. வேதனையை வெளிக்காட்டாமை அங்கு முதற்பாடம். 1872 இல் சாள்ஸ் டார்வின் உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றி எழுதியபோது, ஆங்கிலேய ஆடவர் கடுந்துயரின்றி அழுவது அரிது என்றும், ஐரோப்பாவின் வேறு சில பகுதிகளில் ஆடவர் எளிதில் அழுவர் என்றும், நாகரிகமடையாதோர் எனத் தாம் கருதியோர் சிறு காரணத்துக்கும் பெரிதும் அழுவர் என்றும் குறிப்பிட்டார். பெண், பிறநாட்டான், அடிமைப்பட்ட நாட்டினன் ஆகிய மூவரும் கண்ணீரினால் ஒரே வரிசையிலே நிறுத்தப்பட்டனர். அழாதவனே ஆளத்தக்கவன் என்ற கருத்து இவ்வாறு அறிவியலின் மொழியையும் பெற்றது. 1886 இல் மக்கென்சியின் நாவல் மறுபதிப்பானபோது, பதிப்பாசிரியர் ஹென்றி மோர்லி அதில் கண்ணீர் வரும் இடங்களைத் தொகுத்து ஓர் அட்டவணையாகச் சேர்த்திருந்தார். முந்தைய நூற்றாண்டின் அறச்சான்று பிந்தைய நூற்றாண்டின் நகைப்புப் பொருளாயிற்று.

பெண்ணுக்கு இரக்கமும் கண்ணீரும் அளிக்கப்பட்டன, சினம் அளிக்கப்படவில்லை. இதன் விளைவைக் கரலைன் நோட்டனின் வாழ்வு தெளிவாகக் காட்டுகின்றது. 1836 இல் அவரது கணவர், பிரதமர் மெல்பேர்ண் பிரபுவின்மீது மனைவியோடு தகாத தொடர்பு வைத்திருந்ததாக வழக்குத் தொடுத்துத் தோல்வியுற்றார். ஆயினும் பிள்ளைகள் தந்தையின் உரிமை என்பதே அன்றைய சட்டம். குற்றமற்றவர் என நிறுவப்பட்ட பின்னரும் தாய் தன் பிள்ளைகளைக் காணமுடியவில்லை. தாய்மையைத் தெய்வநிலைக்கு உயர்த்திய சமூகமே தாய்க்குச் சட்டத்தில் இடமளிக்காதிருந்தமை இங்கு வெளிப்பட்டது. சட்டமாற்றம் வேண்டி அவர் 1839 இல் பிரசுரமொன்றை ஓர் ஆணின் புனைபெயரிலேயே வெளியிட்டார். நியாயமான சினங்கூட ஆண்குரலில் ஒலித்தால்தான் வாதமாகக் கொள்ளப்பட்டது. அவ்வாண்டுச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு தாய்மார் நீதிமன்றத்தை வேண்ட இடமளித்தது. 1857 ஆம் ஆண்டின் மணநீக்கச் சட்டமோ இரட்டை நீதியை எழுத்திலேயே பொறித்தது. மனைவியின் பிறன்மனைத் தொடர்பு மட்டுமே கணவனுக்குப் போதிய காரணம். மனைவிக்கோ அதனுடன் கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றமும் வேண்டும். கணவனின் துரோகத்தைக் குறித்து மனைவி கொள்ளும் சினம் தனித்து நிற்கும் தகுதியற்றது என்பதே இதன் பொருள். இவ்வேற்றுமை 1923 வரை நீடித்தது.

1864, 1866, 1869 ஆம் ஆண்டுகளின் தொற்றுநோய்ச் சட்டங்கள் இதனை மேலுங் கடுமையாக்கின. படைமுகாம்களும் துறைமுகங்களும் உள்ள நகரங்களில், விலைமகளிர் எனப் பொலிசார் ஐயுற்ற பெண்கள் கட்டாய உடற்பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். அவர்களிடம் சென்ற ஆண்கள் பரிசோதிக்கப்படவில்லை. 1871 ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு இவ்வேறுபாட்டை நியாயப்படுத்திற்று. பெண்ணின் செயல் ஊதியத்துக்கானது, ஆணினதோ இயற்கை உந்தலுக்கு இடமளித்தல் மட்டுமே என்பது அதன் விளக்கம். ஜோசபீன் பட்லரும் அவரோடு நின்ற பெண்களும் இதனை எதிர்த்து நாடெங்கும் பேசினர். நல்லொழுக்கமுள்ள பெண் இத்தகைய விடயங்களை அறிந்திருக்கவே கூடாது என்ற கண்டனத்தை அவர்கள் எதிர்கொண்டனர். தேவதையின் அறியாமை, அநீதியின் பாதுகாப்பு அரணாக விளங்கியது. சட்டங்கள் 1886 இல் நீக்கப்பட்டன.

இவ்விடத்தே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். பெண்ணுக்கு இரக்கத்தை உரிமையாக்கியமையே அவளைப் பொதுவாழ்வுக்குக் கொணர்ந்தது அன்றோ? அடிமை முறைக்கு எதிரான போராட்டத்தில், அடிமைகள் விளைவித்த சீனியைப் புறக்கணித்த பெண்களும், 1824 இல் உடனடி விடுதலையை வலியுறுத்திப் பிரசுரம் எழுதிய எலிசபெத் ஹெய்றிக்கும், பின்னர் பட்லரும் பெண்ணின் அறப்பண்பு என்ற பெயராலேயே பேசவில்லையா? இவ்வாதத்தில் உண்மை உண்டு. விதிக்கப்பட்ட பாத்திரத்தையே கருவியாக்கி அவர்கள் அதன் எல்லைகளைக் கடந்தனர். ஆனால் அவ்வாயில் குறுகியது. பிறர்க்காக இரங்கும்போது பெண் போற்றப்பட்டாள். தனக்காகச் சினந்தபோது நோயாளியாக்கப்பட்டாள். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்கள் சிறையில் உண்ணாவிரதமிருந்து 1909 முதல் வலிந்து உணவூட்டப்பட்டனர். 1912 இல் மருத்துவர் அல்ம்றொத் றைற் ‘ரைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அவர்களின் போராட்டத்தை மனநிலைக் கோளாறாக விளக்கினார். ஒரு கோரிக்கையை மறுப்பதற்கு அதனை வாதமாக ஏற்று எதிர்வாதம் கூற வேண்டும். நோயாக்கிவிட்டால் அத்தேவையும் இல்லாதொழிகின்றது.

இரண்டாவது எதிர்வாதம் இதனினும் வலியது. தன்னடக்கம் ஓர் உயர்ந்த அறமன்றோ? உணர்ச்சியைக் கட்டுப்படுத்தக் கற்பித்தமை ஆண்களுக்கு நன்மையே அன்றோ? இதற்கு விடை 1914–18 உலகப்போரிலே கிடைத்தது. போரின் தொடக்கத்தில், படையிற் சேராத இளைஞர்களுக்கு வெள்ளை இறகு கொடுத்து அவமானப்படுத்துமாறு பெண்கள் தூண்டப்பட்டனர். பலர் அவ்வாறே செய்தனர். பங்கீட்டுக்கு உட்பட்டோரே அதன் காவலராகவும் அமைவர் என்பதற்கு இது சான்று. போர்க்களத்திலோ, எறிகணைகளின் நடுவே மாதக்கணக்கில் அசையாது கிடந்த ஆடவர் நடுங்கினர், ஊமையாயினர், அழுதனர். 1915 இல் மருத்துவர் சாள்ஸ் மயர்ஸ் இதனைக் குண்டதிர்ச்சி என்ற பெயரால் மருத்துவ இதழிற் குறிப்பிட்டார். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இவ்வகையிற் பாதிக்கப்பட்டதாகக் கணிக்கப்பட்டது. அதிகாரிகளின் நிலை நரம்புத்தளர்ச்சி என மதிக்கப்பட, சாதாரணப் படைவீரரின் நிலைக்கு, அதுகாறும் பெண்களுக்குரிய நோயாகக் கருதப்பட்ட இசிப்பு நோயின் பெயர் இடப்பட்டது. எடின்பரோவில் அதிகாரிகளுக்குச் சிகிச்சையளித்த டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ், அச்சத்தையும் துயரையும் அடக்கிவைக்குமாறு கூறும் அறிவுரையே பலரின் நோயை வளர்க்கின்றது எனக் கண்டார். ஓடிப்போதல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட 306 வீரர்களுக்குப் பிரித்தானியா 2006 இலேயே மன்னிப்பு வழங்கியது. அவர்களுட் சிலர் செய்த குற்றம் அஞ்சியமை மட்டுமே. அவ்வச்சமோ சூழ்நிலை பற்றிய சரியான மதிப்பீடாகும். தானே எடைபோட்டு உணர்ச்சியை ஆள்பவனிடத்துத் தன்னடக்கம் அறமாகும். பாலின் பெயரால் அணிவிக்கப்படும்போது அது சீருடை மட்டுமே.

ஆணின் சினத்துக்கோ ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் சலுகை வழங்கி வந்தது. 1707 இல் மோகிறிட்ஜ் வழக்கில் பிரதம நீதியரசர் ஹோல்ற், ஆத்திரமூட்டல் காரணமாகக் கொலைக்குற்றம் குறைந்த குற்றமாகக் கொள்ளப்படும் சந்தர்ப்பங்களை வகுத்தார். தன் மனைவியோடு கூடியிருந்தவனைக் கண்ட கணவன் அவனைக் கொல்லுதல் அவற்றுள் ஒன்று. அது கணவனின் உடைமைமீதான உச்ச அத்துமீறல் என்பது அவர் கூறிய நியாயம். அதே காலத்தில் கணவனைக் கொன்ற மனைவி சாதாரணக் கொலையாளியாகக் கூடக் கருதப்படவில்லை. அவள் செயல் இராசத்துரோகத்தின் ஒரு வகையாக 1828 வரை எண்ணப்பட்டது. 1790 வரை அதற்குத் தண்டனை எரித்தலாகும். 1949 இல், தன்னைத் துன்புறுத்திய கணவனைக் கொன்ற பெண்ணொருத்தியின் வழக்கிலே, நீதியரசர் டெவ்லின் ஆத்திரமூட்டலுக்குத் திடீரெனத் தன்னிலை இழத்தல் வேண்டும் என விளக்கினார். உடல்வலிமை மிக்கவன் கணத்திற் பொங்குதல் எளிது. ஆண்டுக்கணக்கில் அடிபட்டு அஞ்சி வாழ்பவளின் சினம் அவ்வாறு எழுவதில்லை. சட்டத்தின் நடுநிலை மொழிக்குள் ஆணின் சினமே அளவுகோலாக இருந்தது.

பத்தாண்டுக் கொடுமையின் பின்னர் உறங்கிய கணவனுக்குத் தீயிட்ட கிரஞ்சித் அலுவாலியா 1989 இல் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆயினும் ஆத்திரமூட்டல் என்ற காரணத்தால் அன்று, மனப்பொறுப்புக் குறைவு என்ற காரணத்தாலேயே. அவர்பால் இரக்கங்காட்டச் சட்டத்துக்கு இருந்த வழி அவரது சினத்தை நோயாகக் கொள்வதே. கொலையை நியாயப்படுத்துதல் இங்கு நோக்கமன்று. ஒருவரின் சினத்தை மனித பலவீனமாக ஏற்று மன்னிக்கும் சட்டம், மற்றொருவரின் சினத்தை மட்டும் அடையாளங் காண மறுத்தல் நீதியாகுமா என்பதே வினா. 2009 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய விதியை நீக்கியது. திடீர்த்தன்மை அவசியமன்று, துணையின் பாலியற் துரோகம் தன்னளவிற் காரணமாகாது, கடும் வன்முறைபற்றிய அச்சமும் காரணமாகலாம் எனப் புதிய விதி அமைந்தது. சினத்தோடு அச்சமும் சட்டத்தில் இடம்பெறுவதற்கு முந்நூறு ஆண்டுகள் சென்றன. பழைய விதியின் சாயலை ஆங்கிலேயர் தமது குடியேற்ற நாடுகளிலும் பதித்துச் சென்றனர். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை கொண்டுள்ள, கடுமையானதும் திடீரெனவானதுமான ஆத்திரமூட்டல் என்ற விதிவிலக்கு அவ்வழி வந்ததே.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், உணர்ச்சிக்கும் அறிவுக்கும் இடையிலான போராட்டமாக இவ்வரலாற்றை விளக்குதல் போதாது என்பதே. போராட்டம், யாருடைய உணர்ச்சி அறிவாக மதிக்கப்படும் என்பது பற்றியதாகவே இருந்து வந்துள்ளது. பெண்களின் இயல்பு எனப்படுவது வலிந்து உருவாக்கப்பட்ட செயற்கைப் பொருளே என ஜோன் ஸ்டுவர்ட் மில் 1869 இல் எழுதினார். அக்கூற்று ஆண்களின் இயல்புக்கும் பொருந்தும். இதனால் எல்லா உணர்ச்சிகளும் நல்லவை என்றோ, அடக்கம் வேண்டாதது என்றோ கொள்ளல் தவறாகும். ஒவ்வோர் உணர்ச்சியும் தன் மதிப்பீட்டின் உண்மையாலேயே அளக்கப்படல் வேண்டும். இச்சினத்துக்குக் காரணமான அநீதி உண்மையில் நிகழ்ந்ததா? இக்கண்ணீர் வருந்தத்தக்க ஓர் இழப்புக்காகச் சிந்தப்பட்டதா? இவ்வச்சம் மெய்யான ஆபத்தைக் காட்டுகின்றதா? இவ்வினாக்களைக் கேட்பதற்கு முன்னரே, உணர்ந்தவர் ஆணா பெண்ணா எனக் கேட்கும் சமூகம், சாட்சியத்தைக் கேளாமலே சாட்சியை நிராகரிக்கும் நீதிமன்றத்தை ஒத்ததாகும்.